தடுப்பூசிக் கலப்பு: மாற்றா, துணையா?

பொருளியல் முதலாண்டு வகுப்பில் நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய பாடங்களுள் ஒன்று, பண்டங்களின் உறவு பற்றியது. காபியும் தேநீரும் பதிலீட்டுப் பண்டங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றால் நிறைவு அடையலாம். பேனாவும் மையும் நிரப்புப் பண்டங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். எந்த உறவும் இல்லாதவையும் உண்டு. மாணவர்களுக்கு இது மிக எளிய பாடம். ஆனால், 2021, 2022 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் பொது சுகாதாரக் கொள்கை இடறி நின்ற இடங்களுள் ஒன்று இதுதான் என்பது என் கருத்து.

கோவிஷீல்டும் கோவேக்சினும் எந்த வகைப் பண்டங்கள்? முதல் ஊசிக்கு முன்பு அவை பதிலீட்டுப் பண்டங்கள்: எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது அரசு. முதல் ஊசி போட்ட மறுகணமே அவை உறவே இல்லாத பண்டங்களாகிவிட்டன: எதை முதலில் போட்டீர்களோ அதையேதான் இரண்டாவதாகவும் போட வேண்டும், பின்னர் மூன்றாவதாகவும் அதையேதான். ஆய்வுகள் மெல்ல மெல்ல எடுத்துக்காட்டியதோ மூன்றாவது விடையை. வரிசை அறிந்து பயன்படுத்தினால் அவற்றுள் சில ஒன்றையொன்று நிரப்பும் பண்டங்கள்.

இது முடிந்துபோன கதை அன்று. 2025 மே, ஜூன் மாதங்களில் கரோனா தொற்று மீண்டும் சற்றே தலைதூக்கியபோது, கேரளத்தில்தான் எண்ணிக்கை மிகுதியாக இருந்தது. ‘என்பி.1.8.1’ என்ற புதிய உருமாற்றம் தமிழ்நாட்டில் ஏப்ரலில் ஒருவரிடம் கண்டறியப்பட்டிருந்தது. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வழியாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மலையைக் கடந்து வந்து போகும் தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்தில் சாரல் தொடங்கும் மாதமும் அதுவே. ‘அன்று போட்ட ஊசி இன்றைய வைரஸுக்குப் பயன்படுமா, வேறு ஊசி போட வேண்டுமா’ என்று நடைப்பயிற்சியில் சந்திக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் எண்களை வாசிக்கப் பயின்றவன். அந்த அளவில் நின்று எழுதுகிறேன்.

முதலில் 2021 கோடையின் நிலையை நினைவுகூர வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மே 13 அன்று கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையேயான இடைவெளி 12 முதல் 16 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. கோவேக்சினுக்கோ 4 முதல் 6 வாரங்கள்தான். எனவே, கோவேக்சின் முதல் ஊசி போட்டவர்களுக்கு மே, ஜூன் மாதங்களிலேயே இரண்டாவது ஊசி தேவைப்பட்டது. அந்த மாதங்களில்தான் கோவேக்சினுக்குக் கடும் தட்டுப்பாடு. குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் என் பழைய மாணவர் ஒருவர் அப்போது என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அருவிகளில் குளிக்கத் தடை இருந்ததால் கடைக்கு வேலை இல்லை. “சார், கோவேக்சின் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. கோவிஷீல்டு இருக்காம். அதைப் போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டார். கூடாது என்பதே அன்றைய விதி; கோவின் தளமும் அதற்கு இடம் தராது. அவர் ஏழு வாரங்கள் காத்திருந்து, ஒருவழியாகக் கோவேக்சினையே போட்டுக்கொண்டார்.

ஒரே ஊரில் ஒரு மருந்து தேங்கியும் மற்றொன்று இல்லாமலும் இருப்பதைச் சந்தைப் பிளவு என்போம். இரு தவணையும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்ற விதி, முதல் ஊசி போட்ட ஒவ்வொருவரையும் அந்த நிறுவனத்தின் உற்பத்தித் திறனோடு பிணைத்துவிட்டது. இலங்கை இதன் கடுமையான விளைவைக் கண்டது. இந்தியா தன் தேவைக்காக ஏற்றுமதியை நிறுத்தியதால், அங்கே கோவிஷீல்டு முதல் தவணை போட்ட ஏறத்தாழ 6 லட்சம் பேர் இரண்டாம் தவணைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா ஊசிகளே அவர்களுள் பெரும்பாலோருக்குக் கைகொடுத்தன.

அன்றைய நிலையில் அரசின் எச்சரிக்கையை நான் குறை கூற மாட்டேன். கலந்து போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்போது போதிய சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைமை அறிவியலாளரான சௌம்யா சுவாமிநாதன் 2021 ஜூலையில், எந்த ஊசியை எப்போது போடுவது என்று தனிமனிதர்கள் தாங்களாகவே முடிவு செய்யத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும் என்று எச்சரித்தார். அதே வேளையில், தரவுகளின் அடிப்படையில் சுகாதார அமைப்புகள் அத்தகைய முடிவை எடுக்கலாம் என்றும் தெளிவுபடுத்தினார். அவர் கூறியதன் முதற்பாதி மட்டுமே இங்கே பரவலாகப் பேசப்பட்டது.

சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்நகர் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய பர்னி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2021 மே மாதம் ஒரு தவறு நேர்ந்தது. முதல் தவணையாகக் கோவிஷீல்டு போட்டிருந்த 20 கிராமத்தினருக்கு இரண்டாம் தவணையாகக் கோவேக்சின் போடப்பட்டுவிட்டது. செய்தி வெளியானதும் மக்கள் அஞ்சினர், விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. புணேயில் உள்ள தேசிய தீநுண்மியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களோ அத்தவற்றில் ஓர் ஆய்வைக் கண்டனர். அவர்களுள் 18 பேரையும், இரு தவணையும் கோவிஷீல்டு போட்ட 40 பேரையும், இரு தவணையும் கோவேக்சின் போட்ட 40 பேரையும் ஒப்பிட்டு, 2021 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

கலப்பு ஊசி பெற்றவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்அணுக்களின் சராசரி அளவு, பழைய வகை வைரஸுக்கு எதிராகக் கோவிஷீல்டு குழுவில் 162. கோவேக்சின் குழுவில் 157. கலப்புக் குழுவில் 539. டெல்டா வகைக்கு எதிராக முறையே 52, 54, 241.

இந்த எண்களைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். உருமாறிய வைரஸ் என்பது விலைவாசி உயர்வு போன்றது. உங்கள் கையிலுள்ள நோட்டு மாறவில்லை. அதனால் வாங்கக்கூடியது குறைந்துவிட்டது. உடலிலுள்ள எதிர்அணுக்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வைரஸின் முள்புரதம் தன் வடிவைச் சற்றே மாற்றிக்கொண்டதால், அவற்றுள் ஒரு பகுதியே இப்போது அதைப் பற்றிப் பிடிக்கின்றன. கோவிஷீல்டு குழுவில் டெல்டா வகைக்கு எதிராக எஞ்சியது பழைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. கோவேக்சின் குழுவிலும் ஏறத்தாழ அதுவே. கலப்புக் குழுவில் எஞ்சியது நூற்றுக்கு 45. அதாவது, இவர்களுக்கு முதலும் பெரிது. டெல்டா அதை அரித்த அளவும் குறைவு.

இங்கேயே நின்று, ‘கலப்பு ஊசி உருமாற்றங்களை வெல்லும்’ என்று எழுதிவிடலாம்; பல ஊடகங்கள் அப்படித்தான் எழுதின. ஆனால், அதே ஆய்வில் பீட்டா வகைக்கான எண்களையும் பார்க்க வேண்டும்: 48, 52, 151. இங்கே கலப்புக் குழுவில் எஞ்சியது நூற்றுக்கு 28 மட்டுமே. மற்ற குழுக்களைவிடச் சற்றுக் குறைவுதான். ஆகவே, பீட்டாவுக்கு எதிராகக் கலப்பு தந்த நன்மை முழுவதும் பெரிய முதலால் விளைந்தது. அரிப்பைத் தாங்கும் தனித்திறனால் அன்று. 18 பேரை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவதும் சரியாகாது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்ததால், யாருக்கு அறியாமலேயே தொற்று வந்து போயிருக்கும் என்ற ஐயம் எழுவதும் இயல்பே. இந்த ஆய்வு ஒரு கதவைத் திறந்தது, அவ்வளவே.

ஒரே மருந்தை இருமுறை தருவதைவிட இரு வேறு மருந்துகளைத் தருவது ஏன் பயன் கூட்ட வேண்டும்? இதற்கு இந்த ஊசிகளின் அமைப்பை அறிய வேண்டும்.

கோவிஷீல்டு ஓர் ஊர்தி. மனிதக் குரங்குகளில் சளித் தொந்தரவு உண்டாக்கும் அடினோ வைரஸைப் பெருக முடியாதபடி மாற்றி, அதில் கரோனாவின் முள்புரதத்துக்கான மரபுக் குறிப்பை ஏற்றி உடலுக்குள் அனுப்புகிறார்கள். நம் செல்களே அப்புரதத்தை உண்டாக்குகின்றன. செல்லுக்குள்ளேயே உற்பத்தி நடப்பதால், எதிர்அணுக்களோடு, தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களும் நன்கு தூண்டப்படுகின்றன. கோவேக்சின் வேறு வகை: முழுக் கரோனா வைரஸையே வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளுடன் தருவது. முள்புரதம் மட்டுமன்றி வைரஸின் மற்றப் புரதங்களும் அதில் உண்டு. உருமாற்றம் பெரும்பாலும் முள்புரதத்தில்தான் நிகழ்கிறது. மற்றவை அவ்வளவாக மாறுவதில்லை. ஹைதராபாத்தின் பயாலஜிகல்-இ நிறுவனத்தின் கோர்பெவேக்ஸ் மூன்றாவது வகை. முள்புரதத்தில் செல்லோடு ஒட்டும் பகுதியை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்துத் தருவது. டெக்சாஸ் ஆய்வாளர்கள் காப்புரிமை பெறாமல் வழங்கிய நுட்பம் அது என்பதைப் பொருளியல் ஆசிரியனாக நான் குறிப்பிடாமல் செல்ல இயலாது.

ஊர்தி ஊசியில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தவணையிலேயே உடல் முள்புரதத்தை மட்டுமன்றி ஊர்தியையும் அடையாளம் கண்டு கொள்கிறது. இரண்டாம் முறை அதே ஊர்தி வரும்போது, சரக்கை இறக்குமுன் அதில் ஒரு பகுதியை வழியிலேயே மறித்துவிடுகிறது. ரஷ்யாவின் ஸ்புட்னிக்-வி ஊசியை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணி, முதல் தவணைக்கு ஒரு வகை அடினோ வைரஸையும், இரண்டாவதற்கு வேறொரு வகையையும் பயன்படுத்தினர். எனவே, ஸ்புட்னிக் ஊசியே தன்னளவில் ஒரு கலப்புதான். ஒரே பெட்டியில் விற்கப்பட்டதால் எவரும் அஞ்சவில்லை.

நம் பகுதி உழவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். குளத்துப் பாசனம் மட்டும் உள்ள வயலும் கிணறு மட்டும் உள்ள வயலும் ஏறத்தாழ ஒரே விளைச்சல் தரலாம். இரண்டும் உள்ள வயல் மழை பொய்த்த ஆண்டிலும் தாங்கும். ஆனால், எந்த நீரை எப்போது பாய்ச்சுவது என்ற முறை உண்டு. கலப்பு ஊசியிலும் வரிசையே முக்கியம். பொதுமக்களுக்குப் போய்ச் சேராத செய்தியும் இதுவே.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2021 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியான ‘காம்-கோவ்’ ஆய்வில் 830 பேர் பங்கேற்றனர். முதலில் அஸ்ட்ராசெனகா, நான்கு வாரம் கழித்து ஃபைசர் என்ற வரிசை, இரு முறையும் அஸ்ட்ராசெனகா போட்டதைவிடப் பல மடங்கு எதிர்அணுக்களைத் தந்தது. டி செல் தூண்டலிலும் அதுவே முதலிடம். வரிசையைத் திருப்பி முதலில் ஃபைசர், பிறகு அஸ்ட்ராசெனகா என்று போட்டபோதோ, இரு முறை ஃபைசர் போட்டதைவிட எதிர்அணுக்கள் குறைந்தன. கலப்புக்கு ஒரு விலையும் இருந்தது: அஸ்ட்ராசெனகாவுக்குப் பின் ஃபைசர் போட்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்குக் காய்ச்சல் வந்தது, அஸ்ட்ராசெனகாவையே மீண்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கே வந்தது. ஓரிரு நாளில் நீங்கும் காய்ச்சல்தான். ஜெர்மனி அந்தக் கோடையிலேயே இவ்வரிசையைப் பரிந்துரைத்தது. அந்நாட்டின் அப்போதைய ஆட்சித் தலைவர் ஏங்கலா மெர்கெல் முதலில் அஸ்ட்ராசெனகாவும் பின்னர் மாடர்னாவும் போட்டுக்கொண்டார்.

நம் நாட்டில் இக்கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டையும் கலந்து சோதிக்க அக்கல்லூரிக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டில் வெளிவந்த விடை, ஒரு கலப்புக்கு ஆம் என்றும் மறு கலப்புக்கு இல்லை என்றும் இருந்தது. இரு தவணை கோவேக்சின் போட்டவர்களுக்கு மூன்றாவதாகக் கோவிஷீல்டு தந்தபோது எதிர்அணுக்கள் பல மடங்கு உயர்ந்தன. இரு தவணை கோவிஷீல்டு போட்டவர்களுக்கு மூன்றாவதாகக் கோவேக்சின் தந்ததில் அத்தகைய ஆதாயம் இல்லை.

எதிர்அணுக்களின் அளவு வேறு, நோயிலிருந்து காப்பு வேறு என்று மருத்துவர்கள் சரியாகவே சுட்டிக்காட்டுவர். அதற்கு விடை சிலி நாட்டில் உண்டு. அங்கே பெரும்பாலோருக்கு முதல் இரு தவணையாகப் போடப்பட்டது சீனாவின் கொரோனாவேக். நம் கோவேக்சினைப் போலவே முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து உருவாக்கியது. 2021 ஆகஸ்ட் முதல் மூன்றாவது ஊசி தரப்பட்டபோது மூன்று மருந்துகள் பயன்படுத்தப்பட்டன. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்ததில், அறிகுறியுடன் கூடிய நோயைத் தடுக்கும் திறன், மூன்றாவதாகவும் கொரோனாவேக் போட்டவர்களுக்கு 78.8 விழுக்காடு, அஸ்ட்ராசெனகா போட்டவர்களுக்கு 93.2 விழுக்காடு, ஃபைசர் போட்டவர்களுக்கு 96.5 விழுக்காடு. அஸ்ட்ராசெனகாவும் கோவிஷீல்டும் ஒரே மருந்தின் இரு பெயர்கள். வேலூர் ஆய்வகத்தில் கண்ட போக்கை, சிலி நாட்டின் மருத்துவமனைப் பதிவுகளும் ஒத்துச் சொல்கின்றன. டெல்டா பரவிய மாதங்கள் அவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2021 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், செயலிழந்த வைரஸ் ஊசி போட்டவர்களுக்கு அடுத்த தவணையாக ஊர்தி வகையையோ எம்ஆர்என்ஏ வகையையோ தரலாம் என்று இடைக்காலப் பரிந்துரை வெளியிட்டது. ஒமைக்ரான் அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. முன் சொன்ன ‘விலைவாசி’ ஒரே வீச்சில் பல மடங்கு ஏறிய காலம் அது. அந்தச் சூழலில், 2022 ஜனவரி 10 அன்று நம் நாட்டில் முன்னெச்சரிக்கைத் தவணை தொடங்கியபோது, முதல் இரண்டும் எதுவோ மூன்றாவதும் அதுவே என்று அறிவிக்கப்பட்டது. வேறு ஊசிக்கு வழி திறந்தது 2022 ஆகஸ்ட் 10 அன்று. அதுவும் கோர்பெவேக்ஸ் ஒன்றுக்கு மட்டும். கோவேக்சின் போட்டவர் கோவிஷீல்டு கேட்டால் அப்போதும் இடமில்லை.

இந்த ஏழு மாதங்களைத்தான் என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. நியாயமாகச் சொல்வதானால், நாட்டில் போடப்பட்ட 220 கோடி தவணைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கோவிஷீல்டு. அவர்களுக்குக் கோவேக்சின் தந்திருந்தாலும் பெரும் பயன் விளைந்திராது. எம்ஆர்என்ஏ ஊசியோ இங்கே வரவில்லை. மாடர்னாவுக்கு 2021 ஜூனில் ஒப்புதல் கிடைத்தும், இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய பேச்சு முடிவுறாததால் வந்து சேரவில்லை. எனவே, ஒரே ஊசி விதியால் பெரும்பான்மையோர் இழந்தது குறைவு. கோவேக்சின் போட்ட கோடிக்கணக்கானோரின் நிலை வேறு. அவர்களுக்கு வேண்டிய மருந்து நாட்டிலேயே இருந்தது. இருந்தது மட்டுமன்றித் தேங்கியும் கிடந்தது. சீரம் நிறுவனம் தேவை இல்லாததால் 2021 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியதாகவும், பின்னர் சுமார் 10 கோடி தவணைகள் காலாவதியானதாகவும் அதன் தலைவரே 2022இல் தெரிவித்தார். முதியோர் கையில் சேர்ந்திருக்க வேண்டிய மருந்து கிடங்கில் காலாவதியாவதற்குப் பொருளியலில் பல பெயர்கள் உண்டு. எதுவும் மரியாதையான பெயர் அன்று.

எங்கள் மாவட்டத்தில் இவ்விதி இன்னொரு வகையிலும் உறைத்தது. கடையநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் இல்லாத தெரு அரிது. 2021இல் விடுப்பில் வந்து, கிடைத்த கோவேக்சினை நம்பிப் போட்டுக்கொண்டவர்கள், சவூதி அரேபியா அப்போது அதை ஏற்காததால் திரும்பிச் செல்ல இயலாமல் தவித்தனர். மூன்றாவதாகக் கோவிஷீல்டு போட அனுமதி கேட்டு, இதே நிலையில் இருந்த ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தையே நாடினார். அத்தகைய மறு தடுப்பூசிக்கு வழிகாட்டுநெறி இல்லை என்பதே மத்திய அரசின் நிலைப்பாடாக இருந்தது. 2021 நவம்பர் 3 அன்று கோவேக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே நிலைமை மெல்ல மாறியது. வேலையைக் காப்பதற்காக அவர்கள் கேட்ட ஊசி, நோயிலிருந்து காப்பதிலும் சிறந்த வரிசையாக இருந்தது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

கலப்புத் தடுப்பூசி என்றதும் நாம் அஞ்சுவதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கும். ஏனெனில், நம் வீட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் அது போடப்பட்டு வருகிறது. போலியோவைத்தான் சொல்கிறேன்.

வாய்வழிச் சொட்டு மருந்து, வலுவிழந்த உயிருள்ள வைரஸ். குடலில் எதிர்ப்பை உண்டாக்குவது. ஊசி மருந்து, செயலிழந்த வைரஸ். இரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்கி, வாதம் வராமல் காப்பது. நெடுங்காலம் இவை ஒன்றுக்கொன்று போட்டியாகவே பேசப்பட்டன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2014இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது. ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்றிருந்த 1 முதல் 4 வயது வரையிலான 450 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு ஒரு தவணை ஊசி மருந்து தந்தார்கள். நான்கு வாரம் கழித்துச் சொட்டு மருந்தையே சோதனையாகக் கொடுத்து, ஒரு வாரத்தில் யாருடைய மலத்தில் வைரஸ் வெளிப்படுகிறது என்று பார்த்தார்கள். ஊசி பெற்றவர்களிடம் அது முதல் வகை வைரஸில் 38 விழுக்காடும், மூன்றாம் வகையில் 70 விழுக்காடும் குறைந்திருந்தது. கையில் போட்ட ஊசி குடலைக் காத்தது. குடல் முன்பே சொட்டு மருந்தால் பழக்கப்பட்டிருந்ததே காரணம். இங்கும் வரிசைதான் வேலை செய்தது.

இந்த அறிவு உடனே கொள்கையாயிற்று. 2015 நவம்பர் 30 அன்று இந்தியா சொட்டு மருந்தோடு ஊசியையும் சேர்த்தது. அடுத்த ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸ் நீக்கப்பட்டது. வலுவிழந்த அந்த வைரஸே தடுப்பூசி குறைந்த ஊர்களில் சுற்றிச் சுற்றி உருமாறி நோய் உண்டாக்கியதால் வந்த முடிவு அது. உலகெங்கும் ஒரே நேரத்தில் ஊசிக்குத் தேவை எழுந்ததால் தட்டுப்பாடு வந்தது. நம் நாடு அதற்குக் கண்ட வழியை நான் வகுப்பில் பலமுறை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். 0.5 மில்லி லிட்டர் மருந்தைத் தசையில் செலுத்துவதற்குப் பதிலாக, ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லி லிட்டரைத் தோலின் அடுக்குக்குள் செலுத்துவது. ஒரு முழுத் தவணைக்குப் பதில் இரு சிறு தவணைகள் தருவது. ஒரு குழந்தைக்குச் செலவாகும் மருந்து ஐந்தில் இரண்டாகக் குறைந்தது, எதிர்ப்பாற்றல் குறையவில்லை. இம்முறையை முதலில் ஏற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. போலியோவில் இத்துணை விரைவாகச் சான்றைக் கொள்கையாக மாற்றிய நாடு, கரோனாவில் தயங்கியதேன் என்று கேட்கத் தோன்றுகிறது. போலியோவில் முடிவெடுத்தவர்களுக்கு இருபது ஆண்டுக் களத் தரவு இருந்தது. கரோனாவில் இருபது மாதங்கள்கூட இல்லை. இது ஒரு காரணம். மருந்தின் பெயரோடு நாட்டுப்பற்றும் நிறுவனப் பெருமையும் கலந்துவிட்டது மற்றொன்று என்று நான் கருதுகிறேன்.

மூக்கின் வழியே தரும் மருந்தும் இதே தருக்கத்தின் தொடர்ச்சியே. பாரத் பயோடெக்கின் இன்கோவேக், மற்ற ஊசிகளை முன்பே போட்டவர்களுக்கான மூன்றாம் தவணையாக ஏற்கப்பட்டு, 2023 ஜனவரி 26 அன்று அறிமுகமானது. வைரஸ் நுழையும் வாயிலிலேயே காவல் நிறுத்துவது அதன் நோக்கம். மக்களின் ஆர்வம் தணிந்த பின் வந்ததால், அதைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே.

நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். இன்று நம்மில் எவருடைய எதிர்ப்பாற்றலும் ஓர் ஊசியின் கொடை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய கணக்கெடுப்பிலேயே 67.6 விழுக்காட்டினரிடம் எதிர்அணுக்கள் இருந்தன. இரு தவணையும் முடித்தவர்கள் அப்போது மிகக் குறைவு. அதாவது, பெரும்பாலோருக்குத் தொற்று முதலில் வந்தது, ஊசி பின்னர் வந்தது. பிறகு ஒமைக்ரான் வந்து போனது. முழு வைரஸ், அதன் மேல் ஊர்தி ஊசி, அதன் மேல் உருமாறிய வைரஸ் என்று ஏறத்தாழ அனைவருமே கலப்புத் தடுப்பூசி பெற்றவர்கள்தாம். ஒரு பங்கை மருத்துவமனை தந்தது, மறு பங்கை நோய் தந்தது, அதற்கு நாம் கொடுத்த விலை வேறு. எதிர்அணுக்கள் மாதங்களில் குறையும். நினைவு செல்கள் நீடிக்கும். வைரஸை ஒவ்வொரு முறை வேறு முகத்தோடு காணும்போதும் அவை தம் அடையாளப் பட்டியலை விரிவாக்கிக்கொள்கின்றன. புதிய உருமாற்றங்கள் தொற்றை உண்டாக்கினாலும், 2021 போல் படுக்கைகளை நிரப்பாததற்கு இது பெருங்காரணம்.

எழுபதைக் கடந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் இந்தப் பொதுக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுடைய உடல் நினைவைச் சேமிப்பதிலேயே தளர்ந்தது. அவர்களுக்கு இன்னொரு தவணை தேவையா என்பதை அவர்களுடைய மருத்துவர் சொல்ல வேண்டும். தேவை என்றால், முன்பு போட்டது எது என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பது முக்கியம். ஏனெனில் வரிசைதான் பயனைத் தீர்மானிக்கிறது. கோவின் சான்றிதழில் மருந்தின் பெயரும் தேதியும் இருக்கும். அலமாரியில் எங்கேயோ மடித்து வைத்திருப்பீர்கள். இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்அணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் தாமே முடிவு செய்வது வீண் செலவு. எந்த எண்ணுக்கு மேல் காப்பு, எந்த எண்ணுக்குக் கீழ் ஆபத்து என்ற வரையறை நோயாளிகளுக்கென வகுக்கப்படவில்லை.

அவர்களுக்குப் போட மருந்து கையிருப்பில் இருக்க வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. புணேயின் ஜென்னோவா நிறுவனம் உருவாக்கிய எம்ஆர்என்ஏ ஊசியை, ஃபைசரைப் போல் உறைநிலையில் வைக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரணக் குளிர்பதனப் பெட்டி போதும். கோவிஷீல்டு போட்ட பெரும்பான்மையோருக்கு வரிசைப்படி பொருத்தமான வகை அது. ஒமைக்ரானுக்கு ஏற்ப மாற்றிய அதன் வடிவத்துக்கு 2023 ஜூனில் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால், தனியார் நிறுவனம் வாங்குவோர் இல்லாத பண்டத்தை ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தி செய்யாது. செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தீயணைப்பு நிலையத்தை யாரும் தீ விபத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு இலாபக் கணக்குப் பார்ப்பதில்லை. மாவட்டத்துக்குச் சில ஆயிரம் தவணைகளை, மேற்சொன்ன பிரிவினருக்கென ஆண்டுதோறும் அரசு வாங்கி, காலாவதிக்கு முன் சுழற்சியில் புதுப்பித்து வைப்பதற்கு ஆகும் செலவு, 2021இல் ஒரே மாதத்தில் ஆக்சிஜன் ஏற்பாட்டுக்கு நாம் அலைந்த அலைச்சலோடு ஒப்பிடத்தக்கதே அன்று. வேலூரில் ஆய்வு செய்ய ஆள் இருக்கிறார்கள். எந்த வரிசை யாருக்கு என்பதற்கு விடையும் பெருமளவு கிடைத்துவிட்டது. வாங்கி வைக்கும் முடிவை எடுக்க வேண்டியது சென்னையும் தில்லியும்தான்.